வலது ஓரத்துப் புள்ளி

புள்ளிகள் கட்டத்தின் இடது சுவரோடு அப்பிக் கிடந்தன. ஒன்று மட்டும் வலது மூலையில், தரையோடு தரையாக.

ஃபர்ஸானா தன் ஜாவாஸ்கிரிப்ட் வரிகளை மறுபடி படித்தாள். கணக்கில் பிழை இல்லை.

கிடைமட்டத்தில் குழந்தையின் வயது. செங்குத்தில் அது பேசும் சொற்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு வயதிலிருந்தும் ஆகக் குறைந்த வயதைக் கழித்து, மொத்த இடைவெளியால் வகுத்தால், எல்லாம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே வந்து நிற்கும். சொற்களுக்கும் அதே கணக்கு. திரையில் பூஜ்யம் மேலே இருப்பதால் சொற்களை மட்டும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பியிருந்தாள்.

சோதித்துப் பார்க்க, செம்பூர் அலுவலகத்தில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விவரத்தைப் பெயர் போடாமல் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயது. மதியம் டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். இந்த வரைபடம் அவர்களுக்குப் பிடித்திருந்தால்தான் ஆர்டர்.

குழுத் தலைவர் பத்ரிநாராயணன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மாட்டுங்காக்காரர். அதட்டலைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

"மத்த குழந்தைகள்லாம் விரார் லோக்கல் ட்ரெய்ன்ல ஏறினாப்ல நசுங்கிண்டிருக்கு பாரு. அஞ்சு வயசுக்கு நாலே வார்த்தையாம். யாரோ தப்பா அடிச்சிருக்கா. அதைத் தூக்கிடும்மா, மத்ததெல்லாம் தானாப் பரவிடும்."

"தப்புதான் சார். சரி பண்ணிடுதேன்," என்றாள்.

அவர் போனதும் அந்தக் குழந்தையின் விவரம் இருந்த வரியை நீக்கிப் பார்த்தாள்.

அவர் சொன்னது சரி. புள்ளிகள் விலகி, கட்டம் முழுக்கப் பரவின. ஏறுமுகமாக, பார்க்க அழகாக இருந்தது. ஒன்று குறைகிறது என்று யாருக்கும் தோன்றாது.

வரியைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

கட்டத்தின் அகலத்தை மூன்று மடங்காக்கினாள். நசுங்கிக் கிடந்தவை பிரிந்து தனித்தனியாகத் தெரிந்தன. கடைசிப் புள்ளி திரைக்கு வெளியே போய்விட்டது. வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளினால் இருந்தது.

பிறகு அந்த வரியைத் திருத்தினாள். நான்கை அழித்து ஐந்து என்று போட்டாள்.

புள்ளி நகர்ந்ததாகவே தெரியவில்லை.

காலையில் மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் மகன் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, கீழே காட்டி, "ரயிலு" என்றிருந்தான்.