தியாகி மனைவியின் மீசை

"அன்னக்கொடி! முதல்ல அதைத் துடை!"

நல்லகாமன் போட்ட சத்தத்தில் ஆர்மோனியம் பாதியில் நின்றது.

காளவாசலில் செங்கல் சூளைகளை ஒட்டிய தகரக் கொட்டகை. மறுநாள் அங்கே நடக்கும் ஆட்டத்துக்கு நாடகக் கம்பெனியின் மத்தியான ஒத்திகை. நடுவில், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கண்மையால் முறுக்கு மீசை வரைந்துகொண்டு நின்றாள் அன்னக்கொடி. கள்ளுக்கடை மறியலில் போலீஸ் அடித்துச் செத்த சங்கிலியின் மனைவி.

"வாங்கண்ணே! அலங்காநல்லூர்ல இருந்து இம்புட்டு வெயில்ல வாரீகளா? தண்ணி குடிக்கிறீகளா?"

"தண்ணி குடிக்க வரல. நாளைக்கு என்ன நாளு?"

"அவரு செத்த நாளு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பபூன் வேசம் கட்டி ஆடுறே?"

மடியிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினார். 'வீரத் தியாகி சங்கிலியின் ஆறாம் ஆண்டு நினைவுக் கூட்டம். தியாகியின் மனைவி மேடையில் வீற்றிருப்பார்.' அவரே எழுதியது.

நல்லகாமன் பள்ளிக்கூடம் போனதில்லை. துண்டுப் பிரசுரங்களை எழுத்துக் கூட்டிப் படித்தே மேடை ஏறியவர். மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவர். சங்கிலியின் பக்கத்தில் நின்று அதே தடியால் அடி வாங்கிய தோள் இன்னும் சரியாகத் தூக்க வராது. அன்றைக்குக் கூட நின்றவர்கள் பலர் இன்றைக்குக் கதரைச் சலவைக்குப் போட்டு உடுத்திக்கொண்டு, பதவிக்கு அலைகிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் சங்கிலியின் பேரைச் சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம்.

"அஞ்சு வருசமா மேடையில உக்காந்து நீ அழுவே, சனம் கலங்கிப் போகும். நீ வராட்டா என் பேச்சைக் கேக்க எவன் வருவான்? அவனை ஊரே மறந்துரும் தாயி!"



அன்னக்கொடி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு காட்சி பாருங்கண்ணே. பாத்துட்டுக் கூப்பிடுங்க, கட்டாயம் வாரேன்."

"கூத்துப் பாக்கவா வந்தேன்?" என்று முறைத்தாலும், ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

ஒரு தடியர் குடிகாரனாகக் கள்ளுக்கடைக்குத் தள்ளாடி வந்தார். பபூன் குறுக்கே விழுந்து மறித்தான்.

"மாப்ள! உள்ள போ, நான் தடுக்கல. வேட்டியை மட்டும் என்கிட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

"எதுக்குடா?"

"வர்றப்போ எப்படியும் இடுப்புல இருக்காது. இப்பவே குடுத்தா சேறாவது படாமக் கெடக்கும்ல!"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்து உருண்டார்கள். நல்லகாமனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பபூனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது குதிகாலால் வலது கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே பேசுகிற அந்த நிற்பு!

சங்கிலி அப்படித்தான் நிற்பான். கள்ளுக்கடை வாசலில் இதே வார்த்தையைத்தான் சொன்னான். வரிசையில் நின்ற குடிகாரர்கள் சிரித்துச் சிரித்தே கலைந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

'சிங்கம்போல் கர்ஜித்தான் சங்கிலி' என்று ஐந்து வருஷமாக மேடையில் முழங்குகிறார் நல்லகாமன். சங்கிலி ஒரு நாளும் கர்ஜித்ததில்லை. கர்ஜித்தவர்களெல்லாம் முதல் அடி விழுந்ததும் ஓடிவிட்டார்கள். சிரிக்க வைத்தவன்தான் நின்றான்.

அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"எப்படி, பாத்தேளா?" என்றார் ஆர்மோனியம் பிச்சுமணி. "கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டத்தான் வந்தா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டா. பபூன் ஜுரத்துல படுத்துண்ட அன்னிக்கு, 'நான் கட்டுறேன்'னு எழுந்து நின்னா. அன்னியிலேருந்து பேசறா, சிரிக்கறா, எங்களையும் அதட்டறா."

அன்னக்கொடி மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாலை போட்ட படத்தையே பாத்துப் பாத்து, அவரு சிரிச்ச மூஞ்சி எனக்கு மறந்தே போச்சுண்ணே. அன்னைக்கு மீசை வரைஞ்சு கண்ணாடியைப் பாத்தேன். உள்ள இருந்து அவரு சிரிச்சாரு. அஞ்சு வருசத்துல அன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

நல்லகாமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பிடித்த பிடியை விடுகிறவர் இல்லை அவர்.

"சங்கிலியே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு தாயி, இல்லேங்கல. ஆனா நடிப்பு நடிப்புத்தான். நாளைக்கு ஒரு பொழுது வந்து, வழக்கம்போல நெசமான கண்ணீர் ரெண்டு சொட்டு விட்டுட்டு வந்துரு."

"கட்டாயம் வாரேன்னு சொல்லிட்டேன், மாற மாட்டேன். ஒரு வெங்காயம் மட்டும் வாங்கி வச்சிருங்கண்ணே."

"வெங்காயமா? எதுக்கு?"

அன்னக்கொடி தலை குனிந்துகொண்டாள்.

"முதல் வருசந்தான் உங்க மேடையில நான் நெசமா அழுதேன். 'அழுவு தாயி, சனம் பாக்குது'ன்னு நீங்க பின்னாடி இருந்து சொல்லுவீகளே... அடுத்த நாலு வருசமும் முந்தானையில வெங்காயத்தை நசுக்கி முடிஞ்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

நல்லகாமன் தகரப் பெட்டியைவிட்டு எழுந்தார். பிறகு பிச்சுமணியின் பக்கம் திரும்பினார்.

"அய்யரே, நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு? கூட்டத்தை இங்கேயே கூட்டிக்கிட்டு வாரேன்."