மிஷினில் சார்ஜ் இல்லை

"மிஷின்ல சார்ஜ் இல்லப்பா, சார்ஜரும் ரிப்பேர். கையாலேயே இறுக்கிடலாம்."

அக்காவின் கணவர் இப்படிச் சொன்னதும் மைத்துனன் மணியைப் பார்த்தான். நாலு மணிக்கு நண்பர்களின் ஜீப்புகள் எல்லாம் மலைக்குக் கிளம்புகின்றன. போன தடவை இவன் ஜீப் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கதவுக்குக் கீழே தகடு நசுங்கி, கதவே திறக்காமல் போய்விட்டது. இவன் ஒருவனால் எல்லோரும் பாதியில் திரும்பினார்கள். இந்த முறை இரண்டு பக்கமும் ஸ்லைடர் மாட்டாமல் வராதே என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஸ்லைடர் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆள் நீளத்துக்குக் கனத்த இரும்புக் குழாய். கதவுகளுக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்த்து போல்ட் போட்டுவிட்டால், பாறை கொடுக்கும் இடியை அது வாங்கிக்கொள்ளும். போல்ட்டைத் தடதடவென்று முடுக்குகிற மிஷின் இருந்தால் காபி ஆறுவதற்குள் ஒரு பக்கத்தை இறுக்கிவிடலாம்.

மாமா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். அவர் வீட்டிலேயே சார்ஜ் இல்லை என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அதோடு போயிற்றா? குழாயைத் தரையில் வைக்குமுன் பழைய கம்பளியை நாலாக மடித்து விரித்தார். ஜாக்கிக்கு அடியில் சாக்கைப் போட்டார். துருவைத் தட்டிவிடலாம் என்று இவன் சுத்தியலை எடுத்தால், பேசாமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எண்ணெய் விட்டு ஊறவைத்தார். இவன் போட்ட பாட்டையும் நிறுத்தினார். போல்ட்டுகளை முதலில் விரலால் ஏற்றிவிட்டு, எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும் என்பது சரி. அதற்காக இப்படியா? வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஸ்பானரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மதியம் தாண்டியும் ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது.

மைத்துனனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஜீப் நின்ற ஷெட்டின் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்கு ஜென்ம விரோதி. போன வருஷம் மாமா இதே இடத்தில் வேலை செய்தபோது வாசலில் நின்று கத்தி, தெருவையே கூட்டி, புகார் வேறு கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மாமா அந்த மனுஷனுக்கு நடுங்குகிறார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் மிஷின் பெட்டியைத் திறந்து பார்த்தான். பேட்டரியில் பச்சை விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

மிஷினோடு ஷெட்டுக்கு வந்தான். அதன் விசையில் விரல் வைக்கும்முன் மாமா வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம்."

"ஃபுல் சார்ஜ் இருக்கு மாமா. எதுக்குப் பொய் சொன்னீங்க? அந்த ஆளுக்குப் பயந்தா?"

"மெதுவாப் பேசு."

"பயம்தானே?"

மாமா சுவரைப் பார்த்தார்.

"அப்படியே வச்சுக்கோயேன்" என்றார்.

மைத்துனன் தலைவருக்குப் போன் போட்டு, தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றான். அவரும் வற்புறுத்தவில்லை, இவன் இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருந்தார். நேரே அக்காவிடம் போய், உன் புருஷன் மாதிரி ஒரு கோழையை நான் பார்த்ததில்லை என்று கொட்டித் தீர்த்தான். அக்காவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனுஷன் அவளிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. வேறு வழியில்லாமல் மைத்துனனும் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். இரண்டாவது பக்கத்தில் பாதி போல்ட்டுகள் இன்னும் லூசாகவே இருந்தன. அப்போது கேட் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் மைத்துனனுக்குப் பொங்கியது. குறுக்கே போய் நின்றான்.

"எல்லாத்தையும் கையாலதான் பண்றோம். இன்னும் என்ன சத்தம் கேட்டுச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் கேக்கல தம்பி."

சட்டை கசங்கியிருந்தது. பல நாள் தூங்காத கண்கள். அவர் மாமாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லைன்னு நேத்து ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரியை அனுப்பிட்டாங்க. ஸ்ட்ரெச்சரை வாசல்ல திருப்ப முடியாம நாங்க நின்னப்ப, கூப்பிடாமலே வந்து ஒரு பக்கம் பிடிச்சீங்க. பார்க்க ஆளுங்க வந்தா அவ தாங்கமாட்டா, யாருக்கும் சொல்லாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். அவ கட்டில் இந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கு. இங்க ஜீப் வந்து நிக்கிறதைப் பார்த்ததும் பகீர்னுச்சு. சத்தம் வேண்டாம்னு கேக்க உங்க கேட் வரைக்கும் வந்தேன். பழசெல்லாம் ஞாபகம் வந்துச்சு. எந்த முகத்தோட கேக்கறதுன்னு திரும்பிட்டேன்."

மாமா ஸ்பானரைக் கம்பளிமேல் வைத்தார்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"எத்தனையோ நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினா. இப்பத்தான், தூக்கத்துலயே போயிட்டா."

மைத்துனன் கையிலிருந்த ஸ்பானர் நழுவப் பார்த்தது. கீழே விழாமல் இறுகப் பிடித்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பைப் பார்த்தார். இறுக்காமல் நின்ற போல்ட்டுகளைப் பார்த்தார்.

"இனிமே நீங்க மிஷினைப் போட்டுக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."