துணிக்கடைப் பையில் வந்த சேவல்

"பாய், இதை உள்ள விட்டா இன்னிக்கே கூவிடுமோன்னோ?"

மதில் சுவருக்கு மேல் ஒரு துணிக்கடைப் பை நீண்டது. அதற்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, ஒரு சேவல் கரீமுல்லாவை முறைத்தது.

கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கரீமுல்லாவின் கை நின்றது. பையைப் பிடித்திருந்தவர் பக்கத்து வீட்டு ஸ்ரீனிவாசராகவன். "உங்க சேவல் விடியறதுக்கு முன்னாடியே கத்தறது. என் ஆத்துக்காரியால தூங்க முடியலை" என்று இதே சுவரோரம் நின்று சொன்னவர். சொன்னதோடு நில்லாமல் மாநகராட்சியில் புகாரும் கொடுத்தவர். வேறு வழியின்றிக் கரீமுல்லா தன் சேவலைக் கறிக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"இன்னா சார் இது?"

"சேவல். பல்லாவரம் சந்தையில வாங்கினேன். உங்களுக்குத்தான்."

"அது தெரியுது சார். முட்டையைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிற ஆளு நீங்க. உங்க கையில சேவலான்னுதான் கேக்கறேன்."

பின்வாசலில் நின்ற கரீமுல்லாவின் மனைவி அஸ்மத்துன்னிசா சிரித்துவிட்டாள். "ஏங்க, மொதல்ல வாங்குங்க. மூச்சு முட்டப் போவுது. சாருக்கு இல்ல, சேவலுக்கு."

கரீமுல்லா பையை வாங்கிக்கொண்டார்.

"அப்படியே கோழிகளோட விட்டுடுங்கோ" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "ஆத்துக்காரி சூடாமணி பெங்களூர்ல பொண்ணாத்துல இருக்கா. மாசக் கடைசியில வந்துடுவா. அதுக்குள்ள இது கூவ ஆரம்பிக்கணும்."

"இதுல அவசரம் ஆவாது சார். சந்தையில எந்தக் கூண்டுல கெடந்துச்சோ. வெள்ளைக்கழிச்சல் ஒட்டிக்கினு வந்துதுன்னா என் கோழி மொத்தமும் காலி. கொஞ்ச நாள் தனியாத்தான் வெக்கணும்."

ஸ்ரீனிவாசராகவனின் முகம் வாடிவிட்டது.

சேவல் வாசல் பக்கம், மாடிப்படிக்குக் கீழே தங்கியது. அதற்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து திரும்பியதும் கரீமுல்லா முதலில் கோழிகளைக் கவனிப்பார். சேவலிடம் கடைசியில்தான் போவார். அதைத் தொட்ட கையோடு கோழிகள் பக்கம் வரமாட்டார்.

தினமும் சுவருக்கு மேல் ஒரு தலை தெரியும்.

"கூவித்தா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"புது எடம். உங்களைக் கொண்டுபோய் தெரியாத வூட்ல வுட்டா பாடுவீங்களா?"

"இளைச்சாப்பல இருக்கே. பாதாம் ஊற வெச்சுத் தரட்டுமா?"

"மாப்பிள்ளை விருந்தா சார்?" என்றாள் அஸ்மத்துன்னிசா உள்ளிருந்து.

அவர் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. மாமி கூட ஏதோ சண்டை. அவங்க தூக்கத்தைக் கெடுக்கத்தான் இந்த ஆளு சேவல் வாங்கியாந்து வுட்டுருக்காரு."

"சும்மா இரு." அப்படிச் சொன்னாலும், கரீமுல்லாவுக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

சேவலுக்கு நோய் எதுவும் இல்லை என்று உறுதியானதும், அதன் கூண்டைக் கொல்லையில் கோழிகளின் அருகே கொண்டுபோய் வைத்தார். நடுவில் கம்பி வலை. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு வலையைக் கொத்தியது. நாளாக ஆக, அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கவும் ஆரம்பித்தது. சேவல் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மாசக் கடைசியில் ஒரு மாலை, கரீமுல்லா பட்டறையில் இருந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் கார் வந்து நின்றதாம். மாமி வந்துவிட்டாள் என்றாள் அஸ்மத்துன்னிசா; இன்னும் வெளியே காணவில்லையாம்.

மறுநாள் ஞாயிறு, விடிகாலை. கரீமுல்லா தீனியை நாலு இடத்தில் பிரித்துப் போட்டார். அடி விழுந்தால் சேவல் ஒதுங்கிக்கொள்ள மூலையில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, வலையைத் திறந்தார்.

சேவல் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. சாம்பல் பெட்டை பாய்ந்தது.

"அடிக்கறது பாய்! பிடிங்கோ, பிடிங்கோ!" சுவருக்கு மேல் ஸ்ரீனிவாசராகவன் பதறினார்.

"ரத்தம் வராத வரைக்கும் நாம கை வெக்கக் கூடாது சார். யாரு பெரியவங்கன்னு அதுங்களே பேசி முடிச்சுக்கும்."

இரண்டு சுற்று ஓட்டம். கொஞ்சம் இறகு பறந்தது. பெட்டை சலித்துப்போய்த் தீனி பொறுக்கப் போனது. சேவல் துவைக்கிற கல்லின் மேல் தாவி ஏறியது, இறக்கையை அடித்துக்கொண்டது, கழுத்தை நீட்டியது. கூவியது.

சுவருக்கு மேல் தெரிந்த தலை மறைந்தது. பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலின் இரண்டு கதவுகளும் படாரென்று திறந்தன. ஸ்ரீனிவாசராகவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"இன்னும் ஒரு தடவை கூவச் சொல்லுங்கோ பாய்."

யாரும் சொல்லாமலே அது கூவியது.

அஸ்மத்துன்னிசாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "நல்லாக்கீது சார் உங்க நியாயம்! மாமி தூக்கம் கெடுதுன்னு எங்க சேவலைக் கறிக்கடைக்கு அனுப்புனீங்க. இப்ப ஜன்னலைத் தொறந்து வெச்சு அவங்க காதுலயே கூவ வெக்கிறீங்க. இருங்க, மாமி எழுந்து வந்து திட்டப் போறாங்க."

ஸ்ரீனிவாசராகவன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவல் மூன்றாவது முறையும் கூவி ஓய்ந்தது. ஜன்னலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பெங்களூர்ல பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவ வாயில ஒரு வார்த்தை வரலைம்மா" என்றார். "இதைக் கேட்டாவது, முன்ன மாதிரி என்னை எழுப்பித் திட்டுவான்னு நெனச்சேன்."