கையில் போட்ட நீலக் கோடுகள்

“பொய் சொல்லாதீங்க மாமா! அக்கா கை சட்டுன்னு விழுந்துச்சு, நான் பார்த்தேன்!”

“நீ எங்க பார்த்தே? போன்ல பல்லைக் காட்டிட்டிருந்தே. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மரத்துச்சு!”

அவசரப் பிரிவின் பச்சைத் திரை தங்கை, புருஷன் இரண்டு பேர் கத்தலிலும் ஆடுகிறது. பக்கத்து வீட்டிலிருந்து துணைக்கு வந்த நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். கட்டிலில் கிடக்கும் தையல்காரிக்கு வாய் குழறுகிறது. டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டியது, மரப்பு ஒரே நொடியில் வந்ததா, ஊர்ந்து வந்ததா என்பதுதான். பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும்; ஒற்றைத் தலைவலி என்றால் அது வேண்டாத வம்பு. நர்ஸ் இடது சட்டைக்கையை மேலே தள்ளுகிறாள். மணிக்கட்டில், முழங்கையில், தோளில் தையல் சாக்பீஸால் நீலக் கோடுகள். பக்கத்திலேயே பத்தேகால், பத்து இருபது, பத்தரை என்று மணி. எதையும் அளந்து குறிக்காவிட்டால் தையல்காரிக்குச் சோறு இறங்காது; மரப்பு ஏற ஏற வலது கையால் கோடு போட்டிருக்கிறாள். டாக்டரம்மா குனிந்து படிக்கிறார்.

“கண்ணுல ஏதாச்சும் மின்னுச்சாம்மா?”

“முதல்ல… ஜிக்ஜாக் தையல் மாதிரி ஓடுச்சு.” சொல் சுத்தமாக வருகிறது.

“ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, மரப்பும் ஊர்ந்துதான் வந்திருக்கு. இது ஒற்றைத் தலைவலிதான். பயப்படாதீங்க, இன்னிக்கு இங்கயே வச்சுப் பார்த்துக்கறோம்.”

புருஷன் சுவரில் சாய்ந்து அழுகிறார். மச்சினி அவருக்குத் தன் துப்பட்டாவை நீட்டுகிறாள். அவரும் வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்துகிறார்.

மறுவருடம் மச்சினி கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். தையல்காரிக்குத் தலை வலித்தால் மனுஷன் முதல் போனை அவளுக்குத்தான் போடுகிறார். சண்டைக்கு ஆள் வேண்டாமா?