காற்றுக் குழாய்

கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க இறங்கும் சுழியோடிகளுக்குப் பழைய சாமான் விற்பது பஸ்தியானின் தொழில். அன்று அவனுடைய புத்தளம் கடைக்கு சாள்ஸ் என்ற சுழியோடி வந்தான்.

"இந்தக் காற்றுக் குழாய் நல்லதா?"

"வெள்ளைக்காரன் பாவிச்ச சாமான். உங்கட பேரனும் பாவிக்கலாம்."

குழாயின் வெடிப்பில் தார் பூசியிருந்தது. பஸ்தியான் அதைக் கையால் மறைத்தான். ஆழத்தில் அது அரை மணிநேரமும் தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

"உங்களை இழுத்தெடுக்க மேல கயிறு பிடிக்க ஆள் இருக்கா?" என்று கதையை மாற்றினான்.

சாள்ஸ் சிரித்தான். "எங்கட வழக்கம் தெரியும்தானே. பெண்சாதியின்ட சகோதரன்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான்."

"உங்கட மச்சான் நம்பிக்கையான ஆளா?"

"இன்னும் பழகல்ல. வெட்கத்தில சொல்லாம இருந்தன். நேத்துக் கற்பிட்டியில உங்கட அப்பா உங்கட தங்கச்சி யூஜீனியாவை எனக்குத் தாறதாச் சொன்னார். நீங்கதான் கயிறு பிடிக்கணும், மச்சான்."

பஸ்தியான் குழாயைப் பின்னுக்கு இழுத்தான்.

"இது வேணாம். வெடிச்சிருக்கு."

சாள்ஸ் அவன் முகத்தைப் பார்த்தான். கோபிக்கவில்லை. "சொன்னீங்களே, அது போதும்," என்று தோளில் கைவைத்தான்.

அந்தக் கை பஸ்தியானைச் சுட்டது. கடையைப் பூட்டாமலே தெருவில் இறங்கி ஓடினான்.

"எங்க போறீங்க?"

"தந்திக் கந்தோருக்கு, மன்னாருக்குத் தந்தியடிக்க! இதின்ட மற்றப் பாதியை மன்னார் ஆளொருத்தனுக்கு வித்தன். அவன் இன்டைக்குக் கடல்ல இறங்குறான்!"