இரைச்சல் எங்கிருந்து?

“உர்ர்ருனு ஒரே இரைச்சல் சார்! பாவம், எங்க மாமனார் இத்தனை நாளா இதை எப்படித்தான் பொறுத்துக்கிட்டாரோ!”

அந்தப் பெண் அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே, தலையில் பழைய ரேடியோவில் இருப்பதுபோல் இரண்டு கண்ணாடி வால்வுகளோடு சின்னதாய் ஓர் ஆம்பிளிபயர். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்தது. மெக்கானிக்கின் கை துறுதுறுத்தது. வால்வு செட்டைக் கண்டால் சாப்பாட்டையே மறந்துவிடுகிற ஆசாமி அவர்.

“அவரே குறை சொன்னாரா?”

“அவரா? வாயைத் திறக்க மாட்டார். நேத்து தூசி தட்டறப்ப நானா மாட்டிப் பார்த்தேன். பாட்டே வரலை. வால்யூமைத் திருகினா காது கிழியுது. ஞாயித்துக்கிழமை நானும் அவர் பையனும் வெளிநாடு கிளம்பறோம். திரும்பி வர மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடணும்.”

“பெரியவர் கூட வரலையா?”

“வரலை. ‘எனக்குப் பாட்டு இருக்கு, வேற துணை எதுக்கு? நிம்மதியாப் போயிட்டு வாங்க’ன்னு அவராவே சொல்லிட்டார். அந்தப் பாட்டாவது நல்லாக் கேட்க வேணாமா?”

மெக்கானிக் தன் பிளேயரை இணைத்து, பெட்டியிலிருந்த பெரியவரின் ஹெட்போனை மாட்டினார். புல்லாங்குழல் தேனாக வழிந்தது. வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரைச்சல் மருந்துக்கும் இல்லை.

வால்வுகளை மாற்றிப் பார்த்தார். டிரான்ஸ்பார்மரைத் தட்டிப் பார்த்தார். எர்த்தையும் சோதித்தார். ம்ஹூம். அவருக்கு மண்டை குடைந்தது.

“இப்ப நீங்க கேளுங்க.”

அவள் மாட்டிக்கொண்டு விழித்தாள். “அடடா, என்னமா இருக்கு! ஆனா நேத்து சத்தியமா இரைச்சல்தான் சார்.”

“தினமும் கேட்பாரா?”

“சாயங்காலமானா ரெண்டு மணி நேரம். கண்ணை மூடிக்கிட்டு தொடையில தாளம் போடுவார். இடி விழுந்தாலும் தெரியாது. எங்க வீடே ஒரே அறைதான். நானும் வீட்டுக்காரரும் மனசு விட்டுப் பேசறதே அப்பதான்.”

“பிளேயர்லேருந்து இதுக்கு வர்ற ஒயர் எங்கே?”

பெட்டியின் அடியில் துழாவி எடுத்தாள். வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் ஒயரைப் பிடுங்கிவிட்டு வால்யூமை முழுக்கத் திருகினார். மேஜையில் கிடந்த ஹெட்போன் உறுமியது.

“இந்தச் சத்தமா?”

“இதேதான்!”

“செட்டுல குறையே இல்லைம்மா. எதோடயும் இணைக்காம சத்தத்தை ஏத்தினா இப்படித்தான் உறுமும். வீட்டுல வேற ஒயர் இருக்கா?”

“இது ஒண்ணுதான்.”

“அப்ப இதுல ஒரு பாட்டுகூட ஓடினதில்லை. வால்யூமைக் குறைச்சு வச்சா உறுமலும் இருக்காது. இந்த ஹெட்போன் காதை அடைக்கிற ரகமும் இல்லை. பக்கத்துல பேசறது அட்சரம் பிசகாம கேட்கும்.”

அவள் முகம் வெளிறியது.

“அவர் ‘போயிட்டு வாங்க’ன்னு சொன்னதுக்கு முதல் நாள் சாயங்காலம், அவர் பக்கத்துல உட்கார்ந்துதான் சார், ‘அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது, வேலையே வேணாம்னு எழுதிடறேன்’னு என் வீட்டுக்காரர் அழுதார்.”