தென்னூர் முதலாளி

"நீ போறதுல எனக்கு வருத்தமே இல்லை லிசி. ஆனா என் ஆளையெல்லாம் ஒவ்வொருத்தரா இழுக்கறானே அந்தத் தென்னூர்க்காரன், அவன் பேரை மட்டும் சொல்லிட்டுப் போ."

மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு நின்ற நர்ஸ் லிசி மருந்துத் தட்டை அடுக்க ஆரம்பித்தாள். ஸ்ரீரங்கத்தில் 'அன்பு நிழல்' முதியோர் இல்லம் நடத்தும் அழகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் நர்ஸ் தஹ்ஸீன் போனாள். அப்புறம் சமையல்காரர் அடைக்கலம். இப்போது இவள். எல்லாரும் போவது தென்னூரில் புதிதாகத் திறக்கப்போகும் ஏதோ ஒரு இல்லத்துக்கு.

"அங்க அப்படி என்ன கொட்டிக் குடுக்கறாங்க?"

"வாரத்துல ஒரு நாள் லீவு சார்."

அழகிரி அதிர்ந்துபோனார். அவருடைய இல்லத்தில் அப்படியொரு கெட்ட பழக்கமே கிடையாது. "இது வேலை இல்லம்மா, சேவை" என்று சேரும்போதே சொல்லிவிடுவார். சேவைக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? பகலில் பார்க்கும் நர்ஸே இரவிலும் பார்ப்பாள். பெரியவர்களுக்கு முகம் பழக வேண்டாமா!

ஒற்றை நர்ஸ் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஓடிக்கொண்டிருக்க, படுக்கையிலிருந்த சகாயம்மாள் நனைந்த துணியோடு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார். வயதானவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பது அழகிரியின் கண்டுபிடிப்பு.

வாசலில் 'ஆட்கள் தேவை' பலகை மறுபடி ஏறியது. நேர்காணலுக்கு வந்தவள் பாலக்கரை ஆஃப்ரின், நர்சிங் முடித்த பெண்.

அழகிரிக்குப் பக்கத்தில் வழக்கம்போல அற்புதசாமி வந்து உட்கார்ந்துகொண்டார். இல்லத்தில் தங்கியிருப்பவர், ஒரு காலத்தில் பொன்மலை ரயில்வே பணிமனைக்கு ஆள் எடுத்த அதிகாரி. பெரியவருக்குப் பொழுது போகட்டுமே என்று அழகிரி பெருந்தன்மையாக விட்டுவைத்திருந்தார். சம்பளமில்லாமல் உழைப்பவர்களிடம் அவர் எப்போதுமே பெருந்தன்மையானவர்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் புண்ணு வராம எப்படிம்மா பாத்துப்பே?" என்று கேட்டார் அற்புதசாமி.

"அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கணுங்க ஐயா. அதுக்கு ரெண்டு பேர் வேணும். இங்க எத்தனை பேர் இருக்காங்க?"

அழகிரி குறுக்கே பாய்ந்தார். "கேள்வி கேக்கறது நாங்கம்மா. இங்க இடம் காலி இல்லை, போயிட்டு வா."

"வெளிய போர்டு தொங்குதே சார்?"

"அது நல்ல ஆளுக்கு."

"கேட் வரைக்கும் விட்டுட்டு வரேன்" என்று கைத்தடியை ஊன்றி எழுந்தார் அற்புதசாமி. அழகிரி விரட்டிய அத்தனை பேரையும் வாசல்வரை போய்ப் பேசி அனுப்புவது அவர்தான். எவ்வளவு ஈர மனசு என்று அழகிரிக்கே சில சமயம் கண் கலங்கும்.

மாதக் கடைசி வந்தது. பையோடு இறங்கிய லிசியை அழகிரி வராந்தாவில் மறித்தார்.

"தாராளமா போ! உன் தென்னூர்க்காரனால நர்ஸைத்தான் இழுக்க முடியும். இந்தப் பெரியவங்க என்னை விட்டு எங்க போயிடுவாங்க? இவங்க இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையே இல்லை!"

அப்போது கேட் அருகே ஒரு வேன் வந்து நின்றது. ஆஃப்ரினும் தஹ்ஸீனும் இறங்கினார்கள். பின்னாலேயே வந்த அடைக்கலம் நேரே உள்ளே போய்ப் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார். அவை லிசியின் பெட்டிகள் இல்லை.

அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கைத்தடிகள் வந்தன, சக்கர நாற்காலிகள் வந்தன. பையை வைத்துவிட்டு உள்ளே போன லிசி, சகாயம்மாளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தார்.

"என்ன சார் இது? எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்று வழிமறித்தார் அழகிரி.

"தென்னூருக்கு" என்றார் அற்புதசாமி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"யாரை நம்பி சார் போறீங்க? அந்த முதலாளி யாருன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"நாங்க எல்லாரும்தான் தம்பி."